வாக்குத்தத்த அட்டையில் நானே அச்சடித்த வசனம் இன்று என்னைத் தேற்றவில்லை

அச்சுக்கூடம்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் 19 ஆண்டுகளாக நடத்திவந்த சிறிய ஆப்செட் அச்சகத்தைக் கடந்த மார்ச் மாதம் மூடிவிட்டேன். திருமண அழைப்பிதழ்களும், சபைகள் புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளும்தான் எனக்குச் சோறு போட்டன. அழைப்பிதழ்கள் வாட்ஸ்அப்புக்குப் போனபின் கடன் மட்டுமே மிஞ்சியது. அச்சு இயந்திரத்தை எடைக்குப் போட்ட நாளில், அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய அட்டைக்கட்டு ஒன்று கிடைத்தது. எல்லா அட்டையிலும் எரேமியா 29:11தான்: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." மஞ்சள் மை சற்று விலகி அச்சாகியிருந்ததால் அந்தக் கட்டைச் சபைக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்தது நினைவுக்கு வந்தது. எத்தனையோ குடும்பங்களின் கைக்கு நான் அனுப்பிய வசனம் அது. என் கையில் இருந்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தாலும் வார்த்தை வருவதில்லை. இது அவிசுவாசம் என்று சபையில் ஒருவர் சொன்னார். அப்படித்தானா? மீண்டும் நம்பிக்கைகொள்ள எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது அவிசுவாசியின் கேள்வி அல்ல. தேவன் பேசுவார் என்று எதிர்பார்க்கிறவனுக்குத்தான் அவருடைய மௌனம் வலிக்கும்.

நீங்கள் அச்சடித்த அந்த வசனத்தை அட்டையிலிருந்து எடுத்து, அது இருந்த இடத்திலேயே வைத்து வாசித்துப்பாருங்கள். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி, ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன மக்களுக்கு, அதாவது வீடும் தொழிலும் தேவாலயமும் கைவிட்டுப்போனவர்களுக்கு, அதை எழுதி அனுப்பினான். அதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். கேட்கக் கேட்க இனிக்கிற வார்த்தை. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியாவின் கடிதமோ 10ஆம் வசனத்தில் 70 வருஷம் என்கிறது. அதை முதன்முதலில் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று எழுதப்பட்டது.

அந்த வாக்குத்தத்தத்துக்கு முன்னால், 5ஆம் வசனத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று வருகிறது. என் கணவர் இறந்த ஆண்டில் நான் பிடித்துக்கொண்டது 11ஆம் வசனத்தை அல்ல, இந்த வசனத்தைத்தான். காலையில் எழுந்து முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்கிற ஒரே காரியத்தைக் கர்த்தருக்குக் கீழ்ப்படிதலாகச் செய்தேன். துக்கம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அடுத்த நாளும் எழுந்தேன். அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.

லூர்து

சகோதரரே, நான் கத்தோலிக்கன். விவிலியத்தில் நீங்கள் சங்கீதம் என்பதை நாங்கள் திருப்பாடல் என்போம், எண்ணில் வேறுபாடு இல்லை. திருப்பாடல் 88ஐ எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான புலம்பல் பாடல்கள் கடைசியில் நன்றியிலோ புகழ்ச்சியிலோ போய்ச் சேரும். இது அப்படிச் சேர்வதில்லை. நண்பர்கள் விலகிப்போனார்கள், இருள் மட்டுமே மிஞ்சியது என்பதோடு நின்றுவிடுகிறது. இதைச் சொல்லித்தரக் கூடாது என்று திருச்சபை ஒதுக்கிவிடவில்லை. குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் செபங்களான திருப்புகழ்மாலையில், வெள்ளிக்கிழமை இரவுச் செபத்திற்கு உரியது இதே பாடல்தான். ஆகவே வார்த்தை வராத இரவில் உங்களுக்கான வார்த்தைகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை உங்களோடு சேர்ந்து யாரோ சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். அந்தப் பாடலில் குறையெல்லாம் கடவுளைப் பற்றித்தான், ஆனால் அதைச் சொல்வதும் அவரிடமே. அவரிடம் பேசுவதை விட்டுவிடாத ஒருவரை எப்படி அவிசுவாசி என்பது?

இரவுப்பணி செவிலியர்

அண்ணா, மேலே இருவரும் சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அதற்கடுத்த அதிகாரத்திலேயே, 1 இராஜாக்கள் 19இல், சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். வந்த தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடத்தான் சொன்னான். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் கடந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அந்த நிமிடமே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அச்சுக்கூடம்

அம்மா, சகோதரர், தங்கச்சி, மூவருக்கும் நன்றி. தூக்கம்தான் சரியில்லை, திங்கட்கிழமை மருத்துவரிடம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டேன். 29ஆம் அதிகாரத்தை இருவருமாக வாசித்தோம். 70 வருஷம் என்கிற இடத்தில் அவள் நிறுத்தி, அதை இன்னொரு முறை வாசித்தாள். காகிதம் வெட்டும் இயந்திரத்தை நான் இன்னும் விற்கவில்லை. பள்ளி நோட்டுப் புத்தகங்களை பைண்டிங் செய்து தர முடியுமா என்று போன மாதம் ஒருவர் கேட்டபோது, மனமில்லாமல் மறுத்துவிட்டேன். நாளைக் காலையில் அவரை அழைத்துப் பேசப்போகிறேன். லூர்து அவர்களே, வெள்ளி இரவில் அந்தப் பாடலை நாங்களும் சொல்ல நினைக்கிறோம். அதை இராகத்தோடு பாடுவீர்களா, வாசிப்பதுதான் வழக்கமா?