பாளையங்கோட்டையில ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. மகளுக்கு வர்ற ஜூன்ல ஆறாம் வகுப்பு. வீடு கேடிசி நகர். நாங்க சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவங்க. ஜெபமும் வேதபாடமும் பேருக்கு இல்லாம ஒழுங்கா நடக்கிற தனியார் பள்ளியாத் தேடுதோம். கூடவே இலக்கணம், மனப்பாடம், கோர்வையாப் பேச எழுதப் பழக்கணும். இடையன்குடியில இருந்த பாதிரியார் கால்டுவெல் 1856லயே திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் போட்ட சீமை. இங்கேயே வேதமும் இலக்கணமும் சேர்ந்து கிடைக்கலன்னா எங்க போக!

ஒரு பள்ளியில ஏசி, ஸ்மார்ட் போர்டுன்னு சுத்திக் காட்டினாங்க. நான் அஞ்சாம் வகுப்புத் தமிழ் நோட்டைக் கேட்டு வாங்கினேன். கட்டுரை எல்லாம் போர்டைப் பார்த்து எழுதினது. 'முயர்ச்சி'ன்னு ஒரே பிழை மூணு நோட்டுலயும். மூணுலயும் சிவப்பு மையில டிக் வேற.

பக்கத்து வீட்டு மதினிக்கும் நாங்க சேர்க்கிற பள்ளியிலயே பிள்ளையைச் சேர்க்க ஆசை. அவங்க சைவப்பிள்ளைமார்; வேதபாடத்துல பிள்ளையை உட்கார வச்சிருவாங்களோன்னு யோசிக்காங்க. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில பெற்றோர் சம்மதம் இல்லாம அப்படிச் செய்யக்கூடாதுன்னு அரசியல் சட்டம் 28(3) சொல்லுது. நடைமுறையில எப்படி? அந்த நேரம் பிள்ளை எங்க இருக்கும்?

பிள்ளைகள் இப்போ படிக்கிற வீட்டுக்காரங்க சொன்னா நல்லது. நடுவருஷத்துல வாத்தியார் மாறுதாங்களா, ஃபீஸ் போக வேற என்ன கேக்காங்க? இன்பாக்ஸ்ல வந்தாலும் சரி.