ஒலிக்கவிதை மேடை: எங்கே சொதப்புகிறது?

சொல்லின் பொருளை விட்டு மூச்சு, உறுமல், நாக்குச் சொடுக்கு போன்ற வாய் ஒலிகளையே கவிதையாக்குவது ஒலிக்கவிதை. அந்த நிகழ்ச்சிகளில் பாதி விபத்து தொண்டையில் நடப்பதில்லை, சவுண்ட் மிக்ஸரில்தான் நடக்கிறது. சவுண்ட்காரரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் அன்றாடம் பார்க்கும் குரல் இரண்டே வகை: பேச்சு, பாட்டு. அவருடைய கருவிகள் எல்லாம் இந்த இரண்டையும் காப்பாற்றி, மிச்சத்தைத் துடைத்துப்போடுவதற்கென்றே செய்தவை. நமக்கோ அந்த மிச்சம்தான் கவிதை.

முதல் எதிரி கேட். சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் மைக்கை மூடிவிடும். மூச்சு, கிசுகிசுப்பு, உதடு பிரியும் ஒலி எல்லாமே அந்த அளவுக்குக் கீழேதான் கிடக்கின்றன. இது திறந்து திறந்து மூடும்போது மைக் வயர் லூசாகிவிட்டது என்றே கூட்டம் நினைக்கும். குறைக்கச் சொன்னால் போதாது, அணைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஃபீட்பேக்கைத் தானாக அடக்கும் பெட்டி. ஒற்றை விசில் போன்ற சுரம் நீண்டு நின்றால் மைக் கூவுகிறது என்று முடிவுகட்டி, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடும். மங்கோலியாவை ஒட்டிய துவா நாட்டுத் தொண்டைப்பாட்டுப் பாணியில் அடிக்குரலை 150 ஹெர்ட்ஸில் நிறுத்தி, 8-ஆவது ஹார்மோனிக்கை, அதாவது அடிக்குரலின் எட்டு மடங்கு அலைவெண்ணில் ஒலிக்கும் சுரத்தை, நாக்கால் தூக்கினால் 1200 ஹெர்ட்ஸ். 12-ஆவது என்றால் 1800. பெட்டியின் காதுக்கு இது அசல் ஊளை. சுரம் மங்குகிறதே என்று பாடுகிறவர் இன்னும் அழுத்துவார், பெட்டி இன்னும் ஆழமாக வெட்டும். கடைசியில் தொண்டை கட்டிப்போவதுதான் மிச்சம்.

லோ கட், அதாவது ஓர் அளவுக்குக் கீழான தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி, 100 ஹெர்ட்ஸில் இருப்பது வழக்கம். பேச்சுக்கு நல்லது. ஆனால் குரல்நாணுக்கு மேலே உள்ள மடிப்புகளான பொய்க் குரல்நாண்களையும் சேர்த்து அதிரவைக்கும் உறுமலில், 130 ஹெர்ட்ஸ் குரலுக்குக் கீழே பாதி அலைவெண்ணில், அதாவது 65-இல், இன்னொரு சுரம் பிறக்கிறது. லோ கட் சாப்பிடுவது அதைத்தான். 50-க்கு இறக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் 'ப்' வெடிப்பு ஸ்பீக்கரை உதைக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் 30, 40 டிகிரி சாய்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெரிய சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸர் வேண்டுமென்றால், அமுக்கும் விகிதம் 2:1 அல்லது 3:1. அட்டாக், அதாவது அது அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம், 20 மில்லிசெகண்டுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் நாக்குச் சொடுக்கின் முனை மழுங்கிப்போய், கதவைத் தூரத்தில் தட்டியது மாதிரி கேட்கும். ஸ்பீக்கரைக் காக்க, சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று. சவுண்ட் செக்கில் "ஹலோ, ஒன் டூ" சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நிகழ்ச்சியின் ஆகப் பெரிய அலறலை முழுசாகப் போட்டு அதற்குத்தான் கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வைக்க வேண்டும். கிசுகிசுப்புக்கும் அலறலுக்கும் இடையே 50 டெசிபெல் வந்துவிடும். மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் எந்த ஃபேடரும் அந்த வேகத்தில் ஓடாது. மைக் பிடித்த கைதான் ஓடவேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இருமடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபெல் இறங்கும். 2 செ.மீ.யிலிருந்து 16 செ.மீ.க்கு இழுத்தால் 18.

மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிற ஸ்டைல் வேண்டாம். பின்பக்கத் துளைகள் அடைபட்டால், முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் நாலாபக்கமும் கேட்க ஆரம்பித்து, மேடையில் நம் குரலை நமக்கே கேட்கவைக்கும் மானிட்டரோடு சேர்ந்து கூவும். வாயைப் பொத்தும் ஒலி வேண்டுமானால் உள்ளங்கை வாயின் மேல் இருக்கட்டும், மைக்கின் மேல் வேண்டாம்.

* * *

எழுதி வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ் எழுத்தில் ஒலிக்கவிதை எழுதினால் ஒரு குழி காத்திருக்கிறது. 'கக' என்று எழுதினால் நம் நாக்கு இரண்டாவது 'க'வைத் தானாக மென்மையாக்கிவிடும். 'பட' என்றாலும் அப்படியே. நடுவில் வல்லோசை வேண்டுமானால் 'க்க' என்று இரட்டித்தோ, மேலே ஒரு கோடு போட்டோதான் காட்ட முடியும். இரண்டு பேர் ஒரே தாளைப் பார்த்துச் சொல்லும் நிகழ்ச்சி கோணலாவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொன்று: 'க்க்க்க்க்' என்று எழுதிவிட்டு அதை நீட்டப் பார்ப்பது. வல்லின ஒற்று நீளாது. அடைப்பு என்பதே மௌனம்தான். நீட்டினால் மௌனம் நீளும், திறக்கும்போது ஒரே ஒரு வெடிப்பு. எழுதியவருக்கு வேண்டியது ஐந்து வெடிப்பா, ஒரு நீண்ட அடைப்பா? தாள் அதைச் சொல்ல வேண்டும். 'ம்', 'ழ்', 'ல்', 'ஸ்' போன்றவைதான் மூச்சு தீரும்வரை ஓடும்.

கால அளவுக்கு நம் இலக்கணத்திலேயே அருமையான கருவி இருக்கிறது: ஒற்று அரை மாத்திரை, குறில் ஒன்று, நெடில் இரண்டு, அதற்கு மேல் அளபெடை. ஒரு மாத்திரையை அரை நொடி என்று நிர்ணயித்துவிட்டால் பக்கத்தில் மெட்ரோனோம் 120-இல் ஓடினால் போதும். குரலின் தன்மைக்கு வண்ணம். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1958-இல் எழுதிய 'ஆரியா'வில் பத்துப் பாடும் பாணிகளுக்குப் பத்து நிறக்குறிகள் உண்டு. நமக்கு நான்கு பேனா போதும். அதற்கு மேல் போனால் மேடை வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றாகிவிடும்.

ஜெர்மன் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸின் நீண்ட ஒலிக்கவிதையான ஊர்சொனாட்டேயை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு: எழுத்துகளை ஜெர்மன் முறையில்தான் உச்சரிக்க வேண்டும். மேலே இரு புள்ளி வைத்த 'யு' வந்தால் நாக்கு 'ஈ' சொல்லட்டும், உதடு 'ஊ' மாதிரிக் குவியட்டும். புள்ளி வைத்த 'ஓ'வுக்கு நாக்கு 'ஏ', உதடு 'ஓ'. கண்ணாடி முன் 'ஈ' சொல்லி, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

* * *

மூச்சு. நாய் இளைப்பது போன்ற வேக மூச்சை 30 நொடிக்கு மேல் நிஜமாகச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி, விரல் நுனியும் உதடும் மரத்து, தலை சுற்றும். மேடையில் விழுகிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள். மிகக் குறைந்த காற்றில், நாக்கின் பின்பக்க உராய்வால் அந்தச் சத்தத்தை மட்டும் எடுங்கள். மைக் இருக்கிறது, அது பெரிதாக்கிக்கொள்ளும்.

உள்ளிழுத்துக்கொண்டே குரல் எழுப்புவது குரல்நாணைச் சீக்கிரம் காயவைக்கும். தண்ணீர் குடித்தால் சரியாகும் என்பது பாதி உண்மை. குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. முன்கூட்டியே நாள் முழுக்கக் குடித்திருக்க வேண்டும். உடனடி ஈரத்துக்கு ஆவிதான். ஆனால் வாய் ஈரத்துக்கு அந்த ஒரு மடக்கு அவசியம்: நாக்கு காய்ந்தால் உச்சுக்கொட்டும் ஒலியே எழாது.

வரிசையும் முக்கியம். முதலில் ஒரு கப் தண்ணீரில் ஸ்ட்ராவை 2 செ.மீ. மூழ்கவைத்து ஐந்து நிமிடம் 'ஊ' என்று ஊதுங்கள். பிறகு மெல்லிய ஒலிகள். உறுமல், அலறல் எல்லாம் நிகழ்ச்சியின் கடைசியில். அதற்கு அப்புறம் சன்னமான மேல்சுரம் எதுவும் சுத்தமாக வராது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு அலறுவது மடத்தனம். அதுவும் ஆஸ்பிரின் என்றால் குரல்நாணில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தங்கினால் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான்.

* * *

குரலைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டி, அதன்மேல் அடுக்கடுக்காகச் சேர்க்கும் லூப் பெடல் ஆட்களுக்கு. மைக்கை நேரே கிட்டார் லூப்பரில் செருகினால் சத்தம் நூல் மாதிரி வரும். நடுவில் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் வேண்டும், இல்லையேல் மைக் உள்ளீடு உள்ள லூப்பர். நான்காவது ஐந்தாவது அடுக்கில் எல்லாம் குழம்பாகிப்போவதற்குக் காரணம் குரல் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் பழைய அடுக்கை மைக் மறுபடி பிடித்துப் பதிகிறது. மானிட்டரை அணைத்துவிட்டு இயர்ஃபோனுக்கு மாறுங்கள், இரண்டாம் அடுக்கிலிருந்து 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்.

ஆன்லைன் நிகழ்ச்சி என்றால் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' போடாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். மூச்சுக் கவிதையை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும்.

* * *

உடை பற்றி ஒரு வார்த்தை. 1916-இல் ஜூரிக்கில் டாடா கலைஞர்கள் கூடிய காபரே வோல்டேர் அரங்கில், ஜெர்மன் கவிஞர் ஹ்யூகோ பால் அட்டைக் குழாய்க்குள் நின்றுதான் ஒலிக்கவிதை வாசித்தார். நடக்க முடியாமல் இருட்டில் தூக்கிக்கொண்டுவந்து நிறுத்தினார்கள். படத்துக்கு அழகு. ஆனால் விலா விரிய இடம் விடாத உடையில் நீண்ட வரி வராது.

அவர் நாட்குறிப்பில் உள்ள இன்னொரு செய்தி அதைவிட உபயோகமானது: வாசிப்பு முற்றியபோது குரல் தானாகப் பாதிரியார் ஓதும் ராகத்துக்குப் போய்விட்டதாம். இங்கேயும் அதேதான். அடுத்து என்ன என்று தெரியாத கணத்தில் நாக்கு 'தகதிமி'க்குள் ஓடும், குரல் ஒப்பாரி இழுவைக்குள் விழும். வேண்டுமென்றே போனால் அது கலை, வழுக்கி விழுந்தால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். தாளில் அந்த மாதிரி இடங்களுக்கு முன்னால் மூன்று மாத்திரை மௌனம் போட்டு வையுங்கள். மௌனத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், எண்ணிக்கையை விடாதீர்கள்.