ஸ்டென்ட் வைத்து 14 மாதம் ஆகிறது, இன்னும் இரண்டு மாத்திரையும் வேண்டுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 66 வயது. போன வருடம் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 ஒருவேளை, டிகாக்ரெலர் 90 காலையும் இரவும். ஒரு வருடம் கழித்து வாருங்கள், குறைக்கலாமா என்று பார்ப்போம் என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறார் என்று நாங்கள்தான் போகாமல், பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொண்டு இருக்கிறோம். இப்போது சவரம் செய்யும்போது லேசாகக் கீறினாலும் ரத்தம் நிற்க நேரமாகிறது, கையில் அங்கங்கே நீலம் பாரித்திருக்கிறது. இதற்கு நடுவில் கடவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும், ஐந்து நாள் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார் பல் டாக்டர். மாமா சாகும்வரை நிறுத்தவே கூடாது என்கிறார், பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு வருடத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டாராம். யார் பேச்சைக் கேட்பது?

மருந்துக்கடைக்காரன்:
தம்பி, முதலில் இதய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். அதுவரை ஒரு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். மாமா சொல்வது பாதி சரி: வாழ்நாள் முழுக்க என்பது பெரும்பாலும் ஒரு மாத்திரைக்குத்தான், இரண்டுக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் எல்லாவற்றையும் விட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். கவுண்டரில் தினமும் பார்க்கிறேன், தான் சாப்பிடும் கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. எக்கோஸ்ப்ரின் ஏவி என்றால் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும், எக்கோஸ்ப்ரின் கோல்டு என்றால் அதோடு டிகாக்ரெலர் மாதிரியே ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்தது. "ஒரே மாத்திரைதான் சார் போடுகிறேன்" என்பவர் உண்மையில் மூன்று மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அப்புறம், பல்வலிக்கு நீங்களாக புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் ரத்தம் கசிய அதுவே போதும், போதாததற்கு புரூஃபனில் உள்ள ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும்.

இரண்டுஸ்டென்ட்:
நான் 2016-ல் ஸ்டென்ட் வைத்தவன். உங்களைப் போலத்தான், ரிவ்யூவுக்குப் போகாமல் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் மூன்று வருடம் போட்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, இதயம்தான் மறுபடி அடைத்துக்கொண்டது என்று பயந்து ஓடினால் ஹீமோகுளோபின் 8. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கீரை சாப்பிட்டதால் என்று நினைத்தேன். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் ரத்தம் கசியும் வயிற்றுப்புண், மலம் கறுத்தது அதனால்தான். இப்போது ஒரே மாத்திரைதான், கூடவே வயிற்றுக்குப் பேன்டோபிரசோல். க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு வயிற்று மாத்திரையான ஒமிபிரசோலைத் தவிர்ப்பார்கள், அது க்ளோபிடோக்ரெலின் வேகத்தைக் குறைத்துவிடுமாம். அப்பாவிடம் மலத்தின் நிறத்தைக் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஸ்டெத்தும்சைக்கிளும்:
நான் இதய நிபுணர் இல்லை, பொது மருத்துவர். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் எதை நிறுத்துவது என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்கிறேன். ஸ்டென்ட் என்பது கம்பிவலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும், அதுவரை ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் அதில் ஒட்டித் திடீரென்று அடைத்துவிடலாம். முதல் மாதங்களில் மாத்திரையை விடுவது உயிருக்கே ஆபத்து என்பது அதனால்தான். அட்டாக் வந்தவர்களுக்கு வழக்கமாக 12 மாதம் இரண்டு மாத்திரை, அதன்பின் ஒன்று. 12 மாதத்தையும் 30 மாதத்தையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2014-ல் வந்தது: நீட்டியவர்களுக்கு ஸ்டென்ட் அடைப்பும் அட்டாக்கும் குறைந்தன, ரத்தப்போக்கு கூடியது. அதனால் சுகர் உள்ளவர், மறுபடி அட்டாக் வந்தவர், பல ஸ்டென்ட் வைத்தவர் என்றால், ரத்தம் கசியும் ஆபத்து குறைவாக இருந்தால் நீட்டுவார்கள். டிகாக்ரெலரை 60 மில்லிகிராமாகக் குறைத்துத் தொடர்வதும் உண்டு. வயது கூடியவர், புண் வந்தவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் சீக்கிரமே ஒன்றாக்குவார்கள். அந்த ஒன்று ஆஸ்பிரினாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2021-ல் கொரியாவில் வந்த ஹோஸ்ட்-எக்ஸாம் ஆய்வில் தனி க்ளோபிடோக்ரெல் தனி ஆஸ்பிரினை விட நன்றாகவே இருந்தது.

பல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. ஒரு பல்லுக்காக எல்லாவற்றையும் ஐந்து நாள் நிறுத்துவது பழைய வழக்கம். ஆஸ்பிரின் தொட்ட பிளேட்லெட் தன் ஆயுள் முழுக்க, அதாவது ஏழு முதல் பத்து நாள்வரை, செயலிழந்துதான் இருக்கும், நிறுத்தினாலும் புதியவை வந்துதான் சரியாகும். பல் பிடுங்கிய இடமோ கைக்கெட்டும் இடம். பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், ரத்தத்தை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் பஞ்சை நனைத்து வைக்கலாம். ஸ்டென்டுக்குள் அப்படி அழுத்த முடியுமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ரிவ்யூ போனோம். ஹீமோகுளோபின் 12.8, ஈசிஜி, எக்கோ பரவாயில்லை. டிகாக்ரெலரை நிறுத்திவிட்டு ஆஸ்பிரின் மட்டும் தொடரச் சொன்னார், பல்லை ஒரு வாரம் கழித்து ஆஸ்பிரினோடே பிடுங்கலாம் என்று பல் டாக்டருக்குக் கடிதமும் கொடுத்தார். மலம் கறுப்பு இல்லையாம், கேட்டதற்கு அப்பா என்னை முறைத்தார். போன வாரம்தான் வாங்கிய டிகாக்ரெலர் இரண்டு அட்டை மிச்சம் இருக்கிறது, விலையை நினைத்தால் வயிறு எரிகிறது. கடையில் திரும்ப எடுப்பார்களா?

மருந்துக்கடைக்காரன்:
அட்டையை வெட்டாமல் வைத்திருந்து பில்லும் இருந்தால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள் தம்பி. வேறு யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், குறிப்பாக அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு.