கீட்டோவில் எண்ணெய்ப் பக்கம் கை போகமாட்டேங்குது: எவ்வளவு, எதிலிருந்து, எந்த வேகத்தில் கூட்டுவது?

செந்தூல் மல்லிகா:

வணக்கம். கீட்டோவுக்காக (மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை முக்கிய எரிபொருளாக வைக்கும் சாப்பாட்டு முறை) சோறு, ரொட்டி சானாய், சீனி மூன்றும் நிறுத்தியாச்சு. மாவுச்சத்து நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்கிறது. ஆனால் கொழுப்பைக் கூட்டப் பயம். கோழி என்றால் தோல் உரித்த நெஞ்சுக்கறி, மீன் என்றால் அவித்தது, முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், சந்தான் (தேங்காய்ப்பால்) அறவே கிடையாது. சாயங்காலம் ஆனால் கைகால் சோர்வு, தலைவலி. ராத்திரி பிஸ்கட் டப்பா கூப்பிடுது.

உயரம் 160 செ.மீ., எடை 75 கிலோ. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனை (எல்லாம் மில்லிமோல் கணக்கு): எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 3.4, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 2.1, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 1.0. மருந்து மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) மட்டும்.

கொழுப்பு எத்தனை கிராம் வரை போகலாம்? முதலில் எதைச் சேர்ப்பது? எல்டிஎல் ஏறினால் என்ன செய்வது? "பயப்படாதீங்க, சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லாமல் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பங்சார் மாதவி:

மல்லிகாக்கா, கணக்கையே முதலில் போட்டுவிடுவோம்.

உங்கள் உயரம் எடைக்கு, எடை ஏறாமல் இறங்காமல் நிற்க ஏறக்குறைய 1800 கலோரி வேண்டும். எடை குறைய 1400 வைத்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து 25 கிராம், கிராமுக்கு 4 கலோரி, ஆக 100. புரதத்தை இப்போதைய எடைக்குப் பார்க்காமல் இருக்க வேண்டிய எடைக்குப் பார்க்க வேண்டும்: 60 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.4 கிராம் வீதம் சுமார் 85 கிராம், 340 கலோரி. மீதி 960. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பதால் 106 கிராம் வருகிறது.

நூற்று ஆறா என்று மலைக்க வேண்டாம். இப்போது நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் கொழுப்பு 30 கிராமைத் தாண்டாது. நெஞ்சுக்கறி வெந்தது 100 கிராமில் புரதம் 31, கொழுப்பு நாலு கிராம்கூட இல்லை. மொத்தமாகக் கூட்டினால் நாளுக்கு 700, 800 கலோரிதான் உள்ளே போகிறது. அது கீட்டோ இல்லை, அரைப்பட்டினி. மாவுச்சத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொழுப்பையும் வைக்காவிட்டால் உடம்பு எதை எரிக்கும்? பிஸ்கட் டப்பா கூப்பிடுவது மனக்கட்டுப்பாடு இல்லாததால் அல்ல, பசியால்.

இன்னொரு பக்கமும் உண்டு. 106 என்பது எட்டியே தீர வேண்டிய எண் அல்ல, உச்சவரம்பு. மாவுச்சத்துக்கு வரம்பு, புரதத்துக்கு இலக்கு, கொழுப்பு பசிக்குத் தகுந்தபடி. 1800க்கும் 1400க்கும் நடுவில் உள்ள 400 கலோரி உங்கள் இடுப்பில் இருக்கும் கொழுப்பிலிருந்து வருகிறது, நாளுக்கு 44 கிராம் அளவில். தட்டில் கொழுப்பை அளவு மீறி ஊற்றினால் அந்த 44 கிராம் அப்படியே இருக்கும். "கொழுப்பு தின்றால்தான் கொழுப்பு கரையும்" என்று சொல்லிக்கொண்டு கோப்பியில் இரண்டு கரண்டி நெய் கலக்கிக் குடிப்பவர்கள் எடை நின்றுபோய்ப் புலம்புவது இதனால்தான்.

வேகம்: மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 கிராம். 30இலிருந்து 106க்கு ஐந்து படி, இரண்டரை வாரத்தில் முடிந்துவிடும். ஒரே நாளில் ஏற்றினால் பித்தநீர் போதாமல் வயிற்றுப்போக்கு வரும். "எனக்குக் கொழுப்பு ஒத்துக்கல" என்று மறுபடி நெஞ்சுக்கறிக்கே போய்விடுவீர்கள். முதல் படி மூன்று முட்டையின் மஞ்சள் கரு: அதுவே 15 கிராம், கூடுதலாக ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். இரண்டாவது, நெஞ்சுக்கறிக்குப் பதில் தோலோடு தொடைக்கறி, வெந்த எடையில் 150 கிராம்: கொழுப்பு 23, புரதம் 37. மூன்றாவது, தாளிப்புக்கும் வறுவலுக்கும் எண்ணெய். ஒரு தேக்கரண்டி நாலரை கிராம், அளந்தே ஊற்றுங்கள். நான்காவது, சந்தான் 60 மில்லி. ஐந்தாவது, கெம்போங் மாதிரிக் கொழுப்புள்ள மீன், அதோடு அரை அவகாடோ.

பித்தப்பையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் இங்கே தலைகீழாக இருக்கிறது. கொழுப்பே இல்லாமல் வேகமாக எடை குறைத்தால் பித்தப்பை சுருங்கி விரியாமல் பித்தம் தேங்கி, கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. நேரத்துக்குக் கொஞ்சம் கொழுப்பு போய்க்கொண்டிருந்தால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஏற்கெனவே கல் இருந்தால் திடீர் எண்ணெய்ச் சாப்பாடு வலியைக் கிளப்பும். சாப்பிட்ட பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்து முதுகுக்கோ தோளுக்கோ ஏறினால் நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுங்கள். பித்தப்பை எடுத்தவர்கள் 106 கிராமையும் இரண்டு வேளையில் போடாமல் நான்காகப் பிரித்தால் போதும்.

சோர்வும் தலைவலியும் பாதி உப்புக் குறைவால். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். நம்ம ஊர் வெக்கையில் வியர்வையிலும் போகிறது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய வீக்கம் எதுவும் இல்லை என்றால் நாளுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு கூடுதலாக, ரசத்திலோ எலும்பு சூப்பிலோ.

ஜெலுத்தோங் குமரன்:

மாதவி அக்கா கணக்கைச் சொல்லிட்டாங்க. நான் தட்டுக்கு வரேன்.

நம்ம கடைச் சாப்பாட்டில் கொழுப்பைவிட, கொழுப்புக்குப் பின்னால் ஒளிஞ்சிருக்கிற மாவும் சீனியும்தான் சிக்கல். நாசி கண்டாரை (சோறும் பலவகைக் குழம்பும் கறியும்) எடுத்துக்குங்க. பினாங்கில் குழம்பு எல்லாத்தையும் கலந்து ஊத்துறதுதான் ருசி, ஆனா அந்தக் கலவையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, சீனி, கெட்டிக் கிச்சாப் (சோயா சாறு) எல்லாம் சேர்ந்து எத்தனை கிராம்னு யாராலும் சொல்ல முடியாது. "சோறு வேணாம் அண்ணே, குழம்பு தனியா" என்று சொன்னாப் போதும், கொடுப்பாங்க. மீன் முட்டை, அவிச்ச முட்டை, வெண்டைக்காய், ஆட்டு வறுவல் நல்ல தேர்வு. பொரிச்ச கோழி என்றால் மேலே மாவு பூசியிருக்கான்னு பாருங்க. மொறுமொறுன்னு செதில் செதிலா இருந்தா மாவு நிச்சயம். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) மீன் உருண்டை, கெரோப்போக் லெக்கோர் (மீனும் மாவும் பிசைஞ்ச உருளை) பக்கமே போகாதீங்க. பேருக்குத்தான் மீன், பாதி மாவு. சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) ஊறுவதிலும் சீனி, தொட்டுக்கிற கச்சான் (நிலக்கடலை) குழம்பிலும் சீனி.

குடிக்கிறதுல தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) பயமில்லை. தே சி கோசோங் (சீனி இல்லாம, இனிப்பில்லாத டின் பால் ஊத்தினது) ஒரு கிளாஸுக்குப் பாலில் இருந்து சில கிராம் மாவுச்சத்து வரும், ஒன்றோடு நிறுத்திக்கலாம். தே தாரிக் வேண்டாம்: அதில் ஊத்துற இனிப்பு டின் கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியிலேயே சீனி 11 கிராம். கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) விஷயத்தில் பலர் ஏமாறுறாங்க. நம்ம கடைத்தெருக் கோப்பித்தூளை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்ப்பது வழக்கம். தூள் பொட்டலத்தில் சேர்மானம் பாருங்க. பொடி கிரீமரும் அப்படித்தான், முதல் வரியிலேயே குளுக்கோஸ் சிரப் இருக்கும். பேக்கிங் சாமான் கடையில் விற்கும் 'விப்பிங் கிரீம்' பலதும் பால் இல்லை. பாம் கெர்னல் எண்ணெயும் சீனியும். பால்கொழுப்பு என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்க.

சந்தான் விஷயம். பசாரில் தேங்காய் துருவிப் பிழியும் கடையில் "பாத்தி" கேட்டீங்கன்னா தண்ணி சேர்க்காத முதல் பால் கொடுப்பாங்க. அந்தக் கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் கொழுப்பு 30 கிராமைச் சுத்தி. பிழிஞ்சதை அன்னிக்கே சமைக்கணும், வெளியே வெச்சா மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும். பெட்டிச் சந்தான் 200 மில்லி வாங்கினா மூணு நாளுக்குப் பிரிச்சுக்குங்க. சந்தான் பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும், அது மாவுச்சத்து. குழம்பு திரிஞ்சு எண்ணெய் மேலே மிதந்தால் பார்க்கவே பயமா இருக்கும், அதைப் பார்த்துத்தான் பல பேர் சந்தானையே விட்டுடறாங்க. புளி கொதிச்சு அடங்கின பிறகு, அடுப்பைச் சின்னதா வெச்சு, மூடி போடாமக் கடைசியில் ஊத்திக் கிளறி, ஓரத்தில் நுரை கட்டினதும் இறக்கிடுங்க. திரியாது.

எண்ணெயைப் பொறுத்தவரை நெய்யும் தேங்காய் எண்ணெயும் பாட்டி காலத்திலிருந்து வருது, எவ்வளவு ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது.

ஸ்தாப்பாக் இளங்கோ:

குமரன் தம்பி, சாப்பாட்டு விவரம் பிரமாதம். கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பாட்டி காலத்தில் பாட்டியின் எல்டிஎல்லை யாரும் அளக்கவில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதில் எது உண்மை, எது உபரி என்று பிரிக்கலாம். 1977இல் அமெரிக்க செனட் குழு ஒன்று மொத்தக் கொழுப்பைக் கலோரியில் 30 சதவீதத்துக்குள் வை என்று சொன்னது. உலகம் முழுக்க அது பரவியது. பாம் எண்ணெய் விளையும் நம் மலேசியாவுக்கு அடி வேறு மாதிரி விழுந்தது. 1988இல் ஃபில் சோகோலோஃப் என்ற தொழிலதிபர் அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துத் தேங்காய் எண்ணெயையும் பாம் எண்ணெயையும் தாக்கினார். அவற்றுக்குப் பதிலாகத் தின்பண்டங்களில் புகுந்தது ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய், அதாவது டிரான்ஸ் கொழுப்பு. 2018இல் அமெரிக்காவே அதைத் தடை செய்தது. அமெரிக்காவின் 2015 உணவு வழிகாட்டியில் உணவுக் கொலஸ்ட்ராலுக்கான 300 மில்லிகிராம் வரம்பும் போனது. ஆகவே மஞ்சள் கருப் பயத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடலாம். ஆனால் நிறைவுற்ற கொழுப்புக்கான (நெய், தேங்காய் எண்ணெயில் அதிகம் உள்ள வகை) கலோரியில் 10 சதவீத வரம்பை அதே வழிகாட்டி எடுக்கவில்லை, காரணம் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் பெரும்பாலானவர்களுக்கு எல்டிஎல் ஏறும்.

தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றது. நெய்யில் 60. பாம் எண்ணெயில் பாதி. ஆக மல்லிகா, உங்கள் 106 கிராமில் எண்ணெயாக ஊற்றும் பகுதியை நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று மாற்றுங்கள். மீன், அவகாடோ, பாதாம் கூடட்டும். முந்திரி வேண்டாம், ஒரு கைப்பிடியிலேயே மாவுச்சத்து 9 கிராம். சந்தான் 60 மில்லியும் நெய் ஒரு தேக்கரண்டியும் ருசிக்கு இருக்கட்டும்.

உங்கள் அறிக்கையில் என் கண்ணுக்கு முதலில் படுவது எல்டிஎல் இல்லை, ட்ரைகிளிசரைடு 2.1, எச்டிஎல் 1.0. சோறும் சீனியும் கூடினவர்களிடம் நம் ஆட்களில் அடிக்கடி பார்க்கும் ஜோடி இது. மாவுச்சத்தைக் குறைத்தால் முதலாவது இறங்குவதும் இரண்டாவது ஏறுவதும் வழக்கம். எல்டிஎல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எடை வேகமாக இறங்கும்போது எடுத்தால் எண் குழப்பும். மூன்று மாதம் கழித்து, எடை சற்று நிலைத்த வாரத்தில், 12 மணி நேரம் சாப்பிடாமல் எடுங்கள். முடிந்தால் அபோ-பி (கெட்ட கொலஸ்ட்ரால் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் பரிசோதனை) சேர்த்து.

எல்டிஎல் கொஞ்சம் ஏறியிருந்தால் நெய், தேங்காய் எண்ணெய், வெண்ணெயை முழுதும் மாற்றி மறுபடி பாருங்கள். 4.9ஐத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறாகவும் இருக்கலாம். ஒல்லியாக இருப்பவர்களுக்குக் கீட்டோவில் எல்டிஎல் எகிறினால் மாவுச்சத்தை 50 முதல் 100 கிராமுக்கு ஏற்றினாலே பல சமயம் இறங்கிவிடும். ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) போடுகிறவர்கள் தானாக நிறுத்தக் கூடாது.

மெட்ஃபார்மின் மட்டும் என்பதால் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து குறைவு. இதைப் படிக்கும் வேறு யாராவது கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், மாவுச்சத்தைக் குறைக்கும் முன்பே கிளினிக்கில் மருந்தளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்கள் கீட்டோ தொடங்கவே கூடாது, மருத்துவர் மாற்றித் தந்தால் ஒழிய. சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரக்கூடிய மருந்துகள் அவை. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கினால் நேரே அவசரப் பிரிவு.

செந்தூல் மல்லிகா:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. வெள்ளிக்கிழமை சைவம், தைப்பூசத்துக்கு விரதமும் உண்டு. முட்டையும் இல்லாமல் இந்தக் கணக்கு வருமா? தோழி ஒருத்தி எம்சிடி எண்ணெய் (தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் சீக்கிரம் செரிக்கும் கொழுப்பு) வாங்கச் சொல்கிறாள், தேவையா?

பங்சார் மாதவி:

எம்சிடி தேவையில்லை. விலையும் அதிகம், வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி குடித்தால் கழிவறையைவிட்டு நகர முடியாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு தேக்கரண்டி, சாப்பாட்டோடு.

சைவ நாளில் கொழுப்பு சுலபம், புரதம்தான் இழுக்கும். பன்னீர் 150 கிராம், தெம்பே (புளிக்கவைத்த சோயா) 100 கிராம், கெட்டித் தௌவு (சோயா பன்னீர்) 200 கிராம், தயிர் ஒரு சிறு கிண்ணம்: புரதம் 75 கிராம் அளவில் வந்துவிடும். பருப்பை நம்பாதீர்கள், அரைக் கப் வெந்த பருப்பில் மாவுச்சத்து 20 கிராம். அந்த நாட்களில் மாவுச்சத்து வரம்பை 40க்குத் தளர்த்துங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. விரதம் நீண்டால் அதையே தொடரலாம், பன்னீரின் கொழுப்பு நிறைவுற்றது என்பதால் தெம்பேயையும் தௌவையும் கூட்டி, பன்னீரை இளங்கோ அண்ணன் சொன்னபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

தெம்பே கசந்தால் மெல்லிய துண்டாக வெட்டி, உப்பு மஞ்சள் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துணியில் ஒற்றிவிட்டு, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டியில் மிளகு கறிவேப்பிலையோடு வறுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெயையெல்லாம் குடித்துவிட்டு மொறுமொறுப்பும் வராது. கடையில் வாங்கும் தெம்பே கோரேங்கில் (பொரித்த தெம்பே) கிச்சாப் மானிஸ் (இனிப்புச் சோயா சாறு) ஊற்றியிருப்பார்கள், அது வேண்டாம்.