மறுமொழி: ‘டெர்ராஃபார்மிங்’ – செவ்வாயை வாழத்தக்கதாக்கும் வேலைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேறொரு கோளை மனிதர் வாழத்தக்கதாக மாற்றும் ‘டெர்ராஃபார்மிங்’ வேலைக்கு அதில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பதுதான் நம் பேச்சு. வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டேன். பெரும்பாலோர் ‘புவியாக்கம்’ பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

நேற்று நாகர்கோவிலில் என் வகுப்புக் கரும்பலகையில் ‘செவ்வாயில் புவியாக்கம்’ என்று எழுதிவிட்டு, விளக்கம் சொல்லாமல் நின்றேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “பூமி எப்படி உண்டாச்சுன்னு உள்ள பாடமா சார்?” அவள் மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் புவி உருவான கதை என்றுதான் தோன்றும்.

> டெர்ரா என்பதே நம் ‘தரை’தான். ‘தரையாக்கம்’ என்று வைத்தால் போயிற்று.

இப்படி எழுதிய தக்கலை ஐயா பொறுத்தருள வேண்டும். ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. இலத்தீன் டெர்ராவின் வேருக்கு ‘வறண்டது’ என்று பொருள். கடலுக்கு எதிரான உலர்ந்த நிலம். செவ்வாய் ஏற்கெனவே வறண்டுதான் கிடக்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லே 1942இல் ஜாக் வில்லியம்சன் எழுதிய ஒரு அறிவியல் புனைகதையில் பிறந்தது. அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ‘ஞாலமாக்கம்’ கேட்டவருக்கும் ஒரு கேள்வி: ஞாலுவது, அதாவது தொங்குவது ஞாலம் என்றால், செவ்வாயும் ஞாலம்தானே? அதை மறுபடி எதற்கு ஞாலமாக்க வேண்டும்?

செய்யும் வேலையைப் பார்ப்போம். செவ்வாயில் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரியை ஒட்டி. அங்கே சூடேற்ற வேண்டும், காற்றைக் கூட்ட வேண்டும். வெள்ளிக் கோளில் நேர்மாறு: 460 டிகிரிச் சூடு, நம்மைப்போல் 90 மடங்கு அழுத்தம். அதைக் குளிர்விக்க அதன் மேகங்களில் பாசியை விதைக்கலாம் என்று வானியலாளர் கார்ல் சேகன் 1961இலேயே எழுதினார். ஆகவே மடலில் வந்த ‘வெப்பமேற்றம்’ என்ற சொல் செவ்வாய்க்கு மட்டும்தான் பொருந்தும்.

அப்புறம் மண். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருப்பதை 2008இல் நாசாவின் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது. நம் கடலோர மணக்குடிப் பக்கம் உப்பேறிய வயலை என்ன செய்வார்கள்? வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணீரைத் தேக்கி, வடித்துவிட்டு, மறுபடி தேக்குவார்கள். உப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பெர்குளோரேட்டும் நீரில் கரைவதுதான். இந்த வேலைக்குத் தமிழில் பழைய சொல் உண்டு. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை ‘காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்கிறது. வாழ முடியாத இடத்தை வாழும் இடமாக மாற்றுவதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? என் பரிந்துரை ‘நாடாக்கம்’. வினையாகவும் நன்றாக வளைகிறது: செவ்வாயை நாடாக்கலாம், வெள்ளியை நாடாக்க முடியுமா?

நாடு என்றால் பிள்ளைகள் தேசம் என்று எடுத்துக்கொள்வார்கள், கொடி நடுவதாக நினைப்பார்கள் என்று ஒரு மடல். மற்ற இடங்களில் சரி. நம் ஊர்ப் பிள்ளைக்கு நாஞ்சில் நாடு தெரியும். நாஞ்சில் என்றால் கலப்பை. இங்கே நாடு என்றால் உழுத மண்.

‘விளையாக்கம்’ என்றவரின் எண்ணம் எனக்கு மிகப் பிடித்தது. பெருவிளை, கட்டையன்விளை என்று நாம் குடியிருப்பதே திருத்திய விளைகளில், அதாவது தோட்ட நிலங்களில்தானே. ஆனால் வாயால் சொல்லும்போது ‘விலையாக்கம்’ ஆகிவிடும். மனமில்லாமல் விடுகிறேன்.

> காடு கொன்று என்பதை மறந்துவிட்டு நாடாக்கி என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

இதை எழுதிய குலசேகரம் அண்ணாச்சி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. காடு ரப்பர்த் தோட்டமானதைப் பார்த்த ஊர் உங்களுடையது. செவ்வாய் மண்ணுக்கடியில் நுண்ணுயிர் ஏதும் இருந்தால், நாம் நாடாக்கும்போது அதைத்தான் கொல்வோம். அந்தக் கேள்வியைப் பாடத்தின் கடைசியில் பயிற்சியாகவே வைக்க விரும்புகிறேன், நீங்கள் சம்மதித்தால்.

வியாழன் இரவுக்குள் வேறு எதுவும் தேறாவிட்டால் தலைப்பில் ‘புவியாக்கம்’ போகட்டும், பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். பாடத்துக்குள் ஒரே ஒரு இடத்திலாவது ‘நாடாக்கம்’ இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை வகுப்பில் அதைத்தான் எழுதப்போகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து