கடைமடை இறவைக்கு ஆயில் இன்ஜின்: எத்தனை ஹெச்.பி., எந்தப் புல்லி?

வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் தண்ணீரை வயலுக்கு ஏற்றும் ஆயில் இன்ஜினுக்கு எத்தனை ஹெச்.பி. (குதிரைத்திறன்), எந்தப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) என்று நாலு ஊர்க்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

திருத்துறைப்பூண்டி:
வாய்க்காலிலிருந்து வயலுக்கு ஏற்றுவதென்றால் மட்ட வித்தியாசம், குழாய் உராய்வு எல்லாம் கூட்டினாலும் பெரும்பாலும் 6 மீட்டருக்குள் அடங்கிவிடும். விநாடிக்கு 12 லிட்டர் வேண்டுமா? 12-ஐ 6-ஆல் பெருக்கி 75-ஆல் வகுங்கள், ஏறத்தாழ 1 ஹெச்.பி. பம்பின் திறன் பாதி என்று வைத்தால் 2. பெல்ட் நழுவலுக்கும், இன்ஜின் திணறாமல் ஓடவும் சேர்த்து 3 போதும். இந்த அளவில் ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம்.

முறை வைத்து விடும் தண்ணீரைப் பிடிக்கிற அவசரத்தில் 8 ஹெச்.பி. வாங்கி நாலில் ஒரு பங்கு பாரத்தில் ஓட்டினால் சிலிண்டருக்குச் சூடு ஏறாது. எரியாத டீசல் சைலன்சர் மூட்டில் கறுப்பாகக் கசியும், டீசலைப் பீச்சும் நாசில் முனையில் கரி கட்டும்.

திருவையாறு:
கணக்கு சரிதாண்ணே. ஆனா இன்ஜின் இழுக்கலைன்னா, நாசில்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து ரெண்டு புல்லியையும் அளக்கணும். இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுத்துது, ரெண்டு பக்கமும் 5 இஞ்ச்னா பம்பும் 1500. தண்ணி கூட வரட்டும்னு பம்புல 4 இஞ்ச் மாட்டினா பம்பு 1875 சுத்தும். தண்ணி கால் பங்குதான் கூடும், பாரமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. வேகம் 1.25 மடங்குன்னா பாரம் 1.25-ஐ மூணு தடவை பெருக்கணும், 1.95 வரும். 3 ஹெச்.பி. இன்ஜின் அங்கேயே கரும்புகை கக்கும். கூடத்தான் வேணும்னா 4½ இஞ்ச் போடுங்க, பாரம் 1.37 மடங்கோட நிக்கும். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் திருகை முடுக்கி வேகம் ஏத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

புல்லி மாத்தினா பெல்ட் தொய்யும், இன்ஜினை அது உக்காந்திருக்கிற இரும்புத் தண்டவாளத்துல பின்னுக்குத் தள்ளணும். புல்லிக்குப் புல்லி 32 இஞ்ச் இருந்தா, நடுவுல கட்டை விரலால அழுத்தினா அரை இஞ்ச் இறங்கணும். புல்லிப் பள்ளத்தோட அடி பளபளன்னு மின்னுதா? பெல்ட் தேஞ்சு அடியில உக்காந்து வழுக்குதுன்னு அர்த்தம். வி பெல்ட் பக்கவாட்டுலதான் பிடிக்கணும்.

மன்னார்குடி:
தண்ணீர் விட்டு விட்டு வந்தால் சக்‌ஷன் (தண்ணீர் உறிஞ்சும்) பக்கம் பாருங்கள். குழாய் பம்பை நோக்கி ஏறிக்கொண்டே போகணும், நடுவில் மேடு தட்டினால் அங்கே காற்று தங்கும். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு தரையிலிருந்து ஓரடி மேலே, தண்ணீருக்குள் ஒன்றரை அடியாவது கீழே. பம்பின் சாஃப்ட் (சுழல்தண்டு) வெளியே வரும் இடத்தில் கயிறு சுற்றி அடைத்த கிளாண்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகத்தான் வேண்டும். அதை முழுக்க முறுக்கினால் கயிறு கருகி சாஃப்ட் தேயும்.

வேதாரண்யம்:
உப்புத் தண்ணீர் பக்கம் பம்பிலிருந்து கிளைக்குழாய் எடுத்து இன்ஜினைக் குளிர வைக்காதீர்கள், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் அரித்துப்போகும். 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டிலிருந்து வரும் குழாயை டிரம்மின் மேல்பக்கமும், டிரம்மின் அடிக்குழாயை சிலிண்டரின் கீழ்ப்பக்கமும் கொடுங்கள். சூடான தண்ணீர் தானாக ஏறும், தனி பம்பு வேண்டாம். டிரம் மட்டம் மேல்குழாய் வாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி அறுந்துவிடும், அதனால் நாளும் பார்த்து ஊற்றணும்.

நல்ல தண்ணீர்ப் பக்கத்தாருக்கும் ஒன்று. ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது கிளைக்குழாயில் வண்டல் போய் அடைக்கும், வாயில் வலை கட்டுங்கள்.

திருவையாறு:
இன்னொண்ணு விட்டுப்போச்சு. நாசிலுக்கு டீசல் தள்ளுற டீசல் பம்பைக் கழட்டினா அடியில மெல்லிசா தகடுங்க இருக்கும். ஒண்ணு குறைஞ்சா டீசல் முன்கூட்டியே பீச்சும், இன்ஜின் இரும்புல இரும்பு அடிக்கிற மாதிரி சத்தம் போடும், ஸ்டார்ட் பண்ணும்போது ஹேண்டில் திருப்பி அடிக்கும். ஒண்ணு கூடினா லேட்டாப் பீச்சும், இழுவை குறையும், சூடு ஏறும். கழட்டும்போதே எண்ணிக் கம்பியில கோத்து வச்சிடுங்க.