சிப்பிக் காளான் பால் பாக்கெட்டைத் தின்னுமா? புராஜெக்டுக்கு யோசனை வேண்டும்

கடைசிபெஞ்ச்:
அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் ஆண்டு நுண்ணுயிரியல். பூஞ்சையால் பிளாஸ்டிக்கை மட்க வைப்பதுதான் தலைப்பு. வைக்கோல் படுக்கையில் பால் பாக்கெட் துண்டுகளைக் கலந்து, சிப்பிக் காளான் வித்து போட்டு, 45 நாள் கழித்து எடை குறைகிறதா என்று பார்க்கத் திட்டம். ஆட்டோகிளேவ் (நீராவிக் கிருமிநீக்கக் கருவி), லேமினார் (வடிகட்டிய காற்று வீசும் மேசை), 0.01 கிராம் தராசு இருக்கின்றன. எஃப்.டி.ஐ.ஆருக்கு (அகச்சிவப்பில் வேதிப்பிணைப்புகளைக் காட்டும் சோதனை) வெளியே அனுப்பலாம். இது சரிப்படுமா? வரும் காளானைச் சமைக்கலாமா?

வித்துப்புட்டி:
காளான் பண்ணையில் படுக்கையே பாலித்தீன் பையில்தான் போடுகிறார்கள். மைசீலியம் (பூஞ்சையின் நூலிழை வலை) பையின் உள்பக்கம் முழுக்க வெள்ளையாக அப்பிக்கொள்ளும். அறுவடை முடிந்து உரித்தால் பை முழுசாக வரும். உங்கள் சோதனையின் முடிவு அதிலேயே இருக்கிறது. வைக்கோலில் செல்லுலோஸும் லிக்னினும் கிடக்கும்போது அது பாலித்தீன் பக்கம் ஏன் போக வேண்டும்? மெக்சிகோவில் டயாப்பர்களில் சிப்பிக் காளான் வளர்த்த ஆய்விலும் (2011) கரைந்தது உள்ளே இருந்த கூழ்ப்பகுதி, பிளாஸ்டிக் மிச்சம்.

சமைக்காதீர்கள். அச்சு மையிலும் நிறமியிலும் உள்ள உலோகங்களைக் காளான் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும்.

பெட்ரிதட்டு:
தம்பி, வைக்கோலை விடுங்கள். பால் பாக்கெட்டையும் விடுங்கள். கிருமி நீக்க ஊறவைக்கும் ஆல்கஹாலில் மை கழன்றாலே எடை குறையும். அதைப் பூஞ்சையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அச்சில்லாத, நிறமில்லாத எல்.டி.பி.இ. (குறை அடர்த்திப் பாலித்தீன்) ஃபிலிம் வாங்குங்கள்.

அடுத்து தராசு. 2 x 2 செ.மீ., 50 மைக்ரான் ஃபிலிம் துண்டின் எடை சுமார் 18 மில்லிகிராம். அதில் 5% போனாலும் 0.9 மில்லிகிராம்தான். உங்கள் தராசின் ஒரு படியே 10 மில்லிகிராம். 0.1 மில்லிகிராம் காட்டும் தராசு இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பூஞ்சையை வளர்க்கும் ஊடகத்தில் அது தின்னக்கூடிய வேறு கார்பன் இருக்கக் கூடாது. 1 லிட்டருக்கு: டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.7 கி., மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 0.7 கி., மக்னீசியம் சல்பேட் 0.7 கி., அம்மோனியம் நைட்ரேட் 1 கி., சோடியம் குளோரைடு 5 மி.கி., இரும்பு சல்பேட், துத்தநாக சல்பேட் தலா 2 மி.கி., மாங்கனீஸ் சல்பேட் 1 மி.கி. பிஹெச் 6 முதல் 6.5. அகார் (ஊடகத்தை உறைய வைக்கும் கடற்பாசிக் கூழ்) சேர்க்காமல் திரவமாகவே வையுங்கள். அகாரில் உள்ள அசுத்தங்களைத் தின்றே பூஞ்சை மெல்லிசாகப் படர்ந்து நம்மை ஏமாற்றும். ஸ்போர்களையும் (பூஞ்சையின் வித்துத்தூள்) இதே கரைசலில் இரண்டு மூன்று தடவை சுழற்றிக் கழுவிவிட்டுச் சேருங்கள். இல்லையென்றால் முன்பு வளர்த்த ஊடகத்தின் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸும் (சர்க்கரை) கூடவே வரும்.

ஃபிலிமை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். எல்.டி.பி.இ. 105 முதல் 115 டிகிரிக்குள் உருகிவிடும். 70% எத்தனாலில் 30 நிமிடம் ஊறவைத்து, லேமினாரில் உலர்த்தினால் போதும். 28 முதல் 30 டிகிரியில் ஷேக்கரில் வையுங்கள். பூஞ்சை சேர்க்காத ஃபிலிம் ஒரு குடுவை, ஃபிலிம் இல்லாத பூஞ்சை ஒரு குடுவை கட்டாயம். முடிந்ததும், ஒட்டிய பூஞ்சை போக 2% எஸ்.டி.எஸ். (சலவைப்பொருள்) கரைசலில் 4 மணி நேரம், பிறகு வாலைவடிநீர், 50 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தல், எடை.

இவ்வளவு செய்தாலும் பாலித்தீனில் பெரிய எண் வராது. அதன் முதுகெலும்பு முழுக்க கார்பன்-கார்பன் பிணைப்பு. நீராற்பகுப்பு நொதி (தண்ணீரைக் கொண்டு பிணைப்பை வெட்டுவது) கடிக்க எஸ்டர் பிணைப்பே இல்லை. வட பசிபிக்கில் மிதந்த பிளாஸ்டிக்கில் கிடைத்த பாரெங்யோடோன்டியம் ஆல்பம் என்ற பூஞ்சை பற்றி நெதர்லாந்துக்காரர்கள் 2024இல் வெளியிட்டதே நாளுக்கு 0.05% அளவுதான். அதுவும் புற ஊதாக் கதிர் பட்ட பாலித்தீனை மட்டும். எனவே ஃபிலிமை முதலில் மொட்டை மாடி வெயிலில் சில வாரம் காயப்போடுங்கள். கண்ணாடிக்கு அடியில் வேண்டாம், வேண்டிய கதிரை அது தடுத்துவிடும். ஒப்பிடுவதற்கான, பூஞ்சை சேர்க்காத கன்ட்ரோல் ஃபிலிமும் அதே வெயிலில் காய வேண்டும்.

குறுகிய காலத்தில் கண்ணுக்குத் தெரியும் முடிவு வேண்டுமென்றால் பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேன். ஈக்வடார் காட்டுச் செடிகளில் இருந்து யேல் பல்கலைக்கழகக் குழு எடுத்த பெஸ்டலோடியாப்சிஸ் மைக்ரோஸ்போரா என்ற பூஞ்சை (2011) உடைத்தது இதைத்தான். இம்ப்ரானில் என்ற பால்போன்ற பாலியூரித்தேன் கலவையை அகாரில் கலந்தால், நொதி வேலை செய்யும் இடத்தில் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். மெத்தை ஃபோமை வெட்டிப் போடாதீர்கள். அது பெரும்பாலும் பாலியீதர் வகை, லேசில் அசையாது.

கடைசிபெஞ்ச்:
மிக்க நன்றி சார். குப்பைமேட்டு மண்ணில் இருந்து நாங்களே பூஞ்சை பிரித்தெடுக்கலாமா? எஃப்.டி.ஐ.ஆரில் எதைப் பார்க்க வேண்டும்?

நிறமாலை:
பிரிக்கலாம், ஆனால் வருவதில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அதிகம் இருக்கும். மன்னார் வளைகுடாக் கரையோரப் பாலித்தீன் குப்பையில் இருந்து எடுத்து 2015இல் வெளியான இரண்டில் ஒன்று ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அஃப்லாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் இனம் அது. உங்கள் லேமினார் கிடைமட்டக் காற்று வகை என்றால் தட்டைத் திறந்ததும் ஸ்போர் நேரே முகத்துக்கு வரும். உயிரிப் பாதுகாப்பு கேபினெட் இருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லையென்றால் அடையாளம் தெரிந்த, தீங்கற்ற இனத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்.டி.ஐ.ஆரில் பார்க்க வேண்டியது 1715 செ.மீ.⁻¹ அருகே கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) உச்சி, அதை 1465 உச்சியால் வகுத்த விகிதம். வெயில் பட்ட ஃபிலிமில் இது ஏற்கெனவே உயர்ந்திருக்கும். பூஞ்சை தின்றால் குறையவும் செய்யலாம். 1650, 1540 இரண்டும் சேர்ந்து எழுந்தால் அது சரியாகக் கழுவாத பூஞ்சையின் புரதம். அதைச் சிதைவு என்று எழுதிய கட்டுரைகள் உண்டு.

முடிந்தால் கார்பன் டை ஆக்சைடையும் அளங்கள். 1 கிராம் பாலித்தீனின் கார்பன் முழுக்க கார்பன் டை ஆக்சைடானால் அது 3.14 கிராம் வர வேண்டும். குடுவையில் இருந்து வரும் காற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடில் பிடித்து, பேரியம் குளோரைடு சேர்த்து, மிச்சக் காரத்தை அமிலத்தால் டைட்ரேட் செய்து (அளவறிந்து), ஃபிலிம் இல்லாத பூஞ்சைக் குடுவையின் அளவைக் கழியுங்கள். உள்ளே போகும் காற்றைச் சோடா லைம் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் பொருள்) வழியாக விட மறந்தால் அறைக் காற்றைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.